மூன்றாவது ஓலை

கோயிலில் என் அக்காவுக்கு இரண்டு ஓலைதான் வாசித்தார்கள். எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை நடுவே சாமியார் மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஓலை வாசிப்பார். மூன்றாவது ஞாயிறு அவர் வேறு ஒரு ஜோடியின் ஓலையை வாசித்துவிட்டுப் பீடத்துக்குத் திரும்பிவிட்டார். பெண்கள் பக்கத்து முக்காடுகள் எல்லாம் எங்களைப் பார்த்துத் திரும்பின. அக்கா தலை நிமிராமல் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

காரணம் ஒரு மொட்டைக் கடிதம். பெண்ணுக்குக் காக்காய்வலிப்பு உண்டு, மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று பரங்கிமலையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு யாரோ எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் அதை அப்பா கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். கையெழுத்தை மாற்றித்தான் எழுதியிருந்தது. ஆனால் 'ழ'வின் வாலைக் கீழே இழுத்து ஒரு கொக்கி போடும் பழக்கம் எங்களுக்குத் தெரிந்து ஒருவருக்குத்தான் உண்டு. அக்காவுக்குச் சிலேட்டில் 'ழ' எழுதக் கற்றுக்கொடுத்ததே அந்தக் கைதான்.

எதிர்வீட்டு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பியின் மைத்துனனுக்கு அக்காவைக் கேட்டு அனுப்பியதும், அப்பா மறுத்ததும் முந்தின வருஷத்துக் கதை. அப்பா கடிதத்தோடு போய் நின்றபோது, மாதாமேல் ஆணையாகத் தான் எழுதவில்லை என்றார் டீச்சர். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பத்து வயதில் எனக்கு வாய்த்த முதல் விரோதி அவர்தான். அந்த விரோதத்தை நான் சிரத்தையாக வளர்த்தேன்.

சில மாதங்களில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியாகத் தொடங்கியது. சாந்தோமில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் பூட்டு தொங்கிற்று. அப்பாவுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, லீவு கிடையாது. அப்பாவைத் தனியாக விட அம்மா சம்மதிக்காததால் நாங்கள் இருந்துவிட்டோம். டீச்சரின் தம்பி, மனைவி மக்களோடு ஆற்காட்டுப் பக்கம் போனார். வீட்டுக் காவலுக்கு டீச்சர் மட்டும் தங்கினார். எங்கள் தெருவில் போட ஜப்பான்காரனிடம் ஒரு குண்டு இருக்குமானால் அதை எதிர்வீட்டில் போடட்டும் என்று நான் தினமும் செபித்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் காலை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்டது. பிறகு, "யாராவது வாங்களேன்" என்ற குரல். டீச்சரின் குரல்தான். நான் விளையாட்டை நிறுத்தி, கொஞ்ச நேரம் கேட்டேன். பிறகு உள்ளே போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

உச்சிவேளைக்கு மீன்காரம்மா வந்தாள். "இன்னாம்மா, எதிரூட்ல யாரோ கூப்டுக்கினே கீறாங்க, உங்க காதுல வியலியா?" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "உனக்குக் கேட்டுச்சா?"

"காலையிலேயே கேட்டுச்சு."

அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு அடியே தேவலை. பிறகு தெருவைக் கடந்து போனாள். மீன்காரம்மா கூடையை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் பின்னால் ஓடினாள்.

டீச்சர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கிடந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மூன்று மாதம் புரளக்கூடாது என்றார். தம்பிக்குக் கடிதம் போட்டோம். நிலைமை சரியானதும் வருவதாகப் பதில் வந்தது.

"அந்த வீட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது" என்றார் அப்பா.

"வேற யாரு இருக்காங்கப்பா, இந்தத் தெருவில?" என்றாள் அக்கா. அவ்வளவுதான். அப்பா அதன் பிறகு தடுக்கவில்லை. ஆனால் வெகுநாள் அவளோடு சரியாகப் பேசவும் இல்லை.

காலையில் கஞ்சி, மதியம் குழைந்த சோறு. உடம்பு துடைத்துவிடுவது, மலச்சட்டி எடுப்பது, முதுகில் புண் வராமல் பவுடர் போடுவது, எல்லாம் அக்காதான். நான் தட்டு தூக்கிக்கொண்டு கூடப் போவேன். டீச்சர் நல்ல நோயாளியும் அல்ல. கஞ்சியில் உப்பில்லை என்பார். கை முரடாக இருக்கிறது என்பார்.

சத்துருக்களை நேசிக்க வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நேசம் வந்தால் கோபம் போய்விடும் என்று நான் எண்ணியிருந்தேன். அதனால் ஒருநாள் கேட்டேன்.

"அக்கா, உனக்கு இப்ப டீச்சர் மேல கோவம் இல்லதானே?"

"இருக்கு."

"அப்ப எதுக்குப் போறே?"

"கஞ்சி ஆறுது. தட்டை எடு."

அக்கா பொய்யாக நடந்துகொள்கிறாள் என்று எனக்குப் பட்டது. சாமியாரிடம் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

இரண்டாம் மாதம், உடம்பு துடைத்துக்கொண்டிருந்தபோது, டீச்சர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பரங்கிமலைக் கடுதாசி..." என்று ஆரம்பித்தார். இதற்காகத்தானே இத்தனை நாள் தட்டுத் தூக்கினேன்.

"இப்ப வேணாம் டீச்சர். முதல்ல எழுந்து நடங்க" என்று அக்கா கையை விடுவித்துக்கொண்டு துணியைப் பிழிந்தாள். எனக்கு அழுகையாக வந்தது. ஜெயிக்கப்போன நேரத்தில் தோற்றுவிட்டாளே என்று நினைத்தேன். தானாகப் புரளக்கூட முடியாதவரிடம், கஞ்சி ஊட்டுகிற கையால் மன்னிப்பை வாங்கிக்கொள்ள அவள் விரும்பவில்லை என்பதைக் கண்டுகொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது.

ஊர் மெல்லத் திரும்பியது. ஒரு மாலை, தெருவில் எல்லோரும் நடமாடும் நேரத்தில், டீச்சர் கம்பை ஊன்றிக்கொண்டு தன் வீட்டிலிருந்து இறங்கினார். அந்தப் பத்தடியைக் கடக்க வெகு நேரமாயிற்று. எங்கள் வாசலில் நின்று, அப்பாவைப் பார்த்து, அக்கம்பக்கத்தார் காது கேட்கவே சொன்னார்: "அந்தக் கடுதாசிய நான்தான் எழுதினேன். மாதா பேரச் சொல்லிப் பொய்ச் சத்தியமும் பண்ணேன். உங்க பொண்ணுக்கு ஒரு நோயும் இல்ல."

பரங்கிமலை மாப்பிள்ளைக்கு அதற்குள் வேறிடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. அது டீச்சருக்கும் தெரியும். அப்பா எழுந்து உள்ளே போனார். அக்கா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, டீச்சரின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். காபி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவள் திரும்பவில்லை.

போய்ப் பார்த்தேன். அக்கா சுவரைப் பார்த்து நின்று, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். ஓலை நின்றுபோன அன்றுகூட அவள் இப்படி அழுததில்லை.

பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன். "அந்த டீச்சர் வந்து மறுபடியும் அக்காவை அழவைச்சிட்டாங்கம்மா" என்றேன்.