யாரு டீச்சர்

டயர் கடைக்கு மேலே இருந்த பயிற்சி மையத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வழக்கொழிந்து பல வருஷம் ஆகிவிட்டது. காலை ஆறரை மணி வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு, வேலையை நிரந்தரமாக்கும் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். தலை நரைத்தவர்கள்கூட உண்டு. அவர்கள் எல்லோருக்கும் அவள் 'யாரு டீச்சர்'. முதுகுக்குப் பின்னால்தான் அப்படி. முகத்துக்கு நேரே சொல்கிற தைரியம் ஒருத்தருக்கும் கிடையாது.

பெயருக்குக் காரணம் அவள் பாடம் நடத்தும் விதம். வகுப்புக்குள் நுழையும்போதே ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் ஓர் ஆங்கில வாக்கியம் எழுதி, வாசலில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கரும்பலகையில் எழுதுவாள், ஸ்கேலால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவாள், பிறகு கேட்பாள்: "இதுல வேலையைச் செஞ்சது யாரு?"

"இங்கிலீஷ்ல பார்ட்டிசிப்பிள்னு ஒண்ணு இருக்கு. நம்ம 'வந்து', 'போய்', 'சாப்பிட்டு' மாதிரி. தனியா நிக்காது. 'சாப்பிட்டு'ன்னு சொல்லிட்டு நிறுத்தினா என்ன கேப்பீங்க? யாரு சாப்பிட்டுன்னு கேக்கமாட்டீங்களா? அந்த ஆள் பின்னாடியே வந்தாகணும். வரலைன்னா பக்கத்துல எது நிக்குதோ அது தலையில விழும். இதோ, ஒரு மகராசன் எழுதியிருக்காரு. 'சாப்பிட்டு, கை கழுவி, பஸ் வந்தது.' பஸ் எந்தக் குழாய்ல கை கழுவிச்சு?"

வகுப்பு சிரிக்கும். எழுதியவர் மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்தது வரிசைப் பாடம், அவள் 'பேரலல்' என்று சொல்வது. "வரிசைன்னா ஒரே மாதிரி நிக்கணும். 'எனக்கு எழுத, படிக்க, அப்புறம் நீச்சல் பிடிக்கும்'னா அந்த மூணாவது ஆள் எந்த வழியா உள்ள வந்தான்? எழுத, படிக்க, நீந்த. இவ்வளவுதான். இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?" பாராட்டு என்பது அவள் வாயில் வராது. தப்பில்லாத சீட்டுக்கு ஒரு 'சரி', அதுவும் கடன் கொடுப்பவர் முகத்தோடு.

இந்த வெறி புத்தகத்திலிருந்து வந்ததல்ல. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மாமனாருக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. கதவு திறந்திருந்தால் இறங்கி நடந்துவிடுவார். அதனால் வெளியே போகிறவர்கள் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். சாவி மூன்று பேரிடம் இருந்தது: ஒரு பள்ளிக்கூடத்தில் அப்போது வேலை பார்த்த இவளிடம், லேத் பட்டறைக்குப் போகும் இவள் கணவரிடம், இரண்டு தெரு தள்ளி இருந்த நாத்தனாரிடம். மதியம் வந்து அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பது நாத்தனார் பொறுப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை கதவு திறந்து கிடந்தது. மாமனார் பெரிய ரோட்டில் லாரியில் அடிபட்டு, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல், அன்னிக்கு நான் வரவே இல்லை" என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். கணவர் விடிகிறதற்கு முன்பே போனவர். ஆகக் கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்பியவள் இவள். 'நீதான்' என்று யாரும் சொல்லவில்லை. "கதவு தெறந்து கெடந்திருக்கு" என்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள், சொல்லிவிட்டு இவளைப் பார்த்தார்கள்.

பூட்டியதாகத்தான் அவளுக்கு நினைவு. அதோடு, ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் சமையலறையில் ஒன்றைப் பார்த்தாள். மாமனாரின் டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டில் டம்ளரைக் கவிழ்த்து வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கணவரிடம் சொன்னாள். "அப்பா அங்க கெடக்குறாரு, டம்ளரைப் பத்திப் பேசுற நேரமா இது?" என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

கணவர் அவளைத் திட்டியதும் இல்லை, குத்திக் காட்டியதும் இல்லை. காலையில் இருவரும் சேர்ந்து கிளம்பும்போது அவள் கதவைப் பூட்டுவாள். அவர் பின்னாலேயே வந்து பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பதினொரு வருஷமாக, ஒரு நாள் தவறாமல். மனுஷன் அடித்திருந்தால்கூடத் திருப்பி அடித்திருக்கலாம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாவியைத் திருப்பிய ஞாபகம் செவ்வாய்க்கிழமையுடையதா, திங்கட்கிழமையுடையதா? தான் ஒருவரைக் கொன்றவளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் செத்துப்போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் வேண்டுதலாக இருந்தது.

அப்படிப்பட்டவள் வகுப்பில், ஒரு திங்கட்கிழமை, மூன்றாவது வரிசையில் நாத்தனார் வந்து உட்கார்ந்தாள்.

மின்சார அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர். ஆங்கிலத் தாளில் இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. ஊரில் அந்தத் தேர்வுக்கு வேறு பயிற்சி மையம் கிடையாது. இல்லாவிட்டால் அவள் இந்த மாடிப்படியை மிதித்திருப்பாளா? இருவரும் பேசிப் பதினொரு வருஷம். வகுப்பில் இவள் அவளை "மூணாவது வரிசை அம்மா" என்றாள். அவள் இவளை "மேடம்" என்றாள், அந்தச் சொல்லைப் பல்லுக்கு இடையில் வைத்து அரைத்து.

சண்டை சீட்டு வழியாக நடந்தது. பெயர் இல்லாவிட்டால் என்ன, கையெழுத்து தெரியாதா? 'அண்ணனைக் குடும்பத்திலிருந்து பிரித்து, பவுடர் மட்டும் முகத்தில் குறையவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு வந்தது. இவள் அசராமல் பலகையில் எழுதினாள். "பிரிச்சது யாரு? பவுடரா? பவுடருக்கு அவ்வளவு தெம்பு இருக்கா?" மறுநாள் இவளே ஓர் உதாரணம் எழுதினாள்: 'இரண்டு தடவை பெயிலாகி, கொழுப்பு மட்டும் கரையவில்லை.' "இதுலயும் ஆளைக் காணோம். யாரைப் போடலாம்? மூணாவது வரிசை அம்மா சொல்லட்டும்." மற்றவர்கள் எதுவும் புரியாமல் சிரித்தார்கள். நாத்தனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் ஒரு நாள்கூட வகுப்புக்கு மட்டம் போடவில்லை. இவளும் அவளுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பயிற்சி கொடுத்தாள். பாசத்தில் அல்ல. தன்னிடம் படித்து அவள் பெயிலானால், சரியாகச் சொல்லித் தரவில்லை என்று அந்தப் பழியும் தன் தலையில் விழும் என்பதால்.

ஏழாவது வாரம் அந்தச் சீட்டு வந்தது. 'அவசரமாக வேலைக்குக் கிளம்பி, கதவு திறந்து கிடந்தது.'

இவள் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. பிறகு எழுதினாள். மேசையைத் தட்டவில்லை.

"வேலைக்குக் கிளம்பினது யாரு? கதவா?"

முன்வரிசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மூணாவது வரிசை அம்மா, இங்க வாங்க. இந்தாங்க சாக்பீஸ். ஆளைப் போட்டு எழுதுங்க."

நாத்தனார் வந்தாள். சாக்பீஸை வாங்கினாள். 'அண்ணி' என்று எழுதிவிட்டு வெற்றியோடு திரும்பிப் போகத்தான் வந்தாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. பலகையில் கை வைத்தாள். கை நகரவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. சாக்பீஸ் பலகையில் ஒரு வெள்ளைப் புள்ளியாக அழுந்தி உடைந்தது. அவள் மிச்சத்தை மேசையில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அன்றைக்கு மீதி வகுப்பில் என்ன நடத்தினாள் என்று இவளைக் கேட்டால் தெரியாது.

மறுநாள் டப்பாவில் ஒரு சீட்டு நான்காக மடித்துக் கிடந்தது. அவளுக்குத் தெரிந்த கையெழுத்து. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'மாத்திரை கொடுத்து, டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்து, கதவைப் பூட்டாமல் விட்டு, நான் பஸ் பிடிக்க ஓடினேன்.'

வரிசை ஒரே மாதிரி நின்றது. ஆள் இருந்தார். தேடினாலும் தப்பு கிடைக்காது. அவள் அதைப் பலகையில் எழுதவில்லை, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தாள். அவள் வகுப்பில் ஒரு சீட்டு வாசிக்கப்படாமல் போனது அன்றைக்குத்தான். மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஸ்கேலை வீசிவிடுவோம் என்று பயந்தாள்.

வகுப்பு முடிந்ததும் மாடிப்படித் திருப்பத்தில் நாத்தனார் நின்றிருந்தாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னது நெஜம்தான் அண்ணி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக பஸ்ஸுக்கு நேரமாச்சு, அதான் ஓடினேன். சொல்லக் கூடாதுன்னு நெனச்சு மறைக்கலை. முதல் நாள் வாய் வரலை. அப்புறம் எல்லாரும் உங்களையே பாத்தாங்க. நானும் பாத்துட்டேன்."

"பாத்துட்டே" என்றாள் இவள்.

"தினமும் யாரு, யாருன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. வீட்டுக்குப் போனாலும் காதுல அதேதான் கேக்குது. மன்னிச்சிருங்கன்னு கேக்க நான் வரலை. கேட்டா நீங்க விடமாட்டீங்கன்னு தெரியும்."

"தெரிஞ்சா சரி."

சீட்டை எடுத்து, சுவரில் வைத்து, சிவப்பு மையில் ஒரு 'சரி' போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வாக்கியத்துல தப்பில்லை. ஆனா நம்ம குடும்பத்துல இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க நீயும் நானும்தான். அது தெரிஞ்சுதானே இங்கிலீஷ்ல எழுதினே? தமிழ்ல எழுதி உங்க அண்ணன் கையில குடு. அதுவரைக்கும் என் வகுப்புக்கு வராதே."

"பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

"எங்களுக்குப் பதினொரு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு இவள் இறங்கிப் போனாள். தெருவுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. டயர் கடைக்காரர் பார்த்துவிட்டு, என்ன டீச்சர் என்றார். கண்ணில் தூசி என்று சொல்லி, தூசி போடுவதற்கென்றே கடை வைத்திருக்கிறீர்களா என்று அவரையும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனாள்.

நாத்தனார் நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் மூன்றாவது வரிசையில் கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். இவள் "மூணாவது வரிசை அம்மா, விட்ட பாடத்தையெல்லாம் இன்னிக்கே எழுதிக் காட்டணும்" என்றாள். அந்தத் தேர்வில் அவள் பாஸானாள். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை. இன்றைக்கும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

தங்கை வகுப்புக்குத் திரும்பி வந்த அன்று மாலை, கணவர் பட்டறையிலிருந்து வந்தபோது அவர் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. பல தடவை பிரித்து மடித்த காகிதம். தட்டு முன்னால் உட்கார்ந்தவர் கையைக்கூட வைக்கவில்லை.

"அந்த டம்ளர்..." என்று ஆரம்பித்தார்.

"சாப்பிடுங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள். அவள் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்தாள். அவர் அவளைத் தாண்டி, பூட்டுப் பக்கம் திரும்பாமல், தலையைக் குனிந்தபடி படியிறங்கினார். இரண்டு படி இறங்கியிருப்பார்.

"நில்லுங்க" என்றாள்.

நின்றார்.

"இழுத்துப் பாக்கலையா?"

அவள் வழியை விட்டு ஒதுங்கி நின்று பூட்டைக் காட்டினாள்.

"வாங்க. வந்து இழுங்க. மூணு தடவை."

அவர் மேலே ஏறி வந்தார். பூட்டின் மேல் கையை வைத்தார். இழுக்க முடியவில்லை. கையை எடுக்கவும் முடியவில்லை. அவளுக்கு வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவரை அங்கேயே நிற்க விட்டுவிட்டு அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.