முப்பத்து மூன்றாம் பக்கம்

துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பல் பத்திரங்களோடு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்ற என்னிடம், கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசிகசாலையின் சாவியைக் கொடுத்தார்கள். இரண்டு அலுமாரி, ஒரு மேசை, முந்நூறு நாவல் வரை இருக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு மணித்தியாலம் திறந்து வைக்க வேண்டும். நாவல் வாசிப்பவர்களில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. நடக்காத ஒன்றுக்காக உட்கார்ந்து அழுகிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் நாளே ஒன்று கண்ணை உறுத்தியது. முக்கால்வாசிப் புத்தகங்களில் முப்பத்து மூன்றாம் பக்கத்து ஓரத்தில் பென்சில் குறிகள். நட்சத்திரம், மீன், சிலுவை, கொக்கி. விசாரித்துப் பார்த்தேன். வாசித்து முடித்தவர்கள் ஆளுக்கொரு அடையாளம் போட்டு வைக்கிறார்களாம். அடுத்த முறை அந்தப் பக்கத்தைப் பார்த்தால், வாசித்த புத்தகமா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். முப்பத்து மூன்று ஆண்டவர் வாழ்ந்த வயது, அதனால் பக்கம் மறக்காது.

எனக்கு அது பொதுச்சொத்தில் கிறுக்குவது, அவ்வளவுதான். நாலு கிழமையாகப் புத்தகங்களை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போய், அழிறப்பரால் ஒன்று விடாமல் அழித்தேன். பரிசு வாங்கிய நாவல்களில் எனக்கு வேலையே இருக்கவில்லை, பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு மலிவுப் பதிப்பில்தான் குறி போட இடமில்லை. தங்கைகளைக் கரையேற்றுவதற்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் ஒரு தையற்காரியின் கதை. அதில் ஒரு மீனும் நட்சத்திரமும் சோடியாகப் பல தடவை போட்டிருந்தன. வாசித்ததையே திரும்ப வாசிக்க இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டு அதையும் அழித்தேன்.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏற்கெனவே வாசித்ததையே எடுத்துப்போய் நாலாம் அத்தியாயத்தில்தான் கண்டுபிடித்ததாக ஒரு டீச்சர் சண்டைக்கு வந்தார். அவருடைய ஞாபகசக்திக்கு நான் பொறுப்பில்லை என்றேன்.

ஒரு ஞாயிறு, தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி அந்தத் தையற்காரி நாவலைத் தேடி வந்தார். அலுமாரியடியில் நின்றபடியே முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். வேறு பிரதியோ என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாக்கியதைப் பெருமையாகவே சொன்னேன்.

"மீன் எங்கட அக்கா போட்டது," என்றார். "அவ வாசிச்சு முடிச்சுத்தான் எனக்குத் தருவா. போன வருஷம் மோசம் போயிட்டா."

அந்த அக்காவும் தையல் மெஷினோடு கிடந்து, கல்யாணம் கட்டாமலே கண்ணை மூடியவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கதை முழுக்க அப்படியே இருக்கிறதுதானே என்று அசட்டுத்தனமாகச் சொன்னேன்.

"கதை எனக்கு மனப்பாடம், அண்ணன். நான் இந்தப் பக்கத்தைப் பாக்கத்தான் எடுக்கிறனான்."

அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவர் திட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மேசையில் கிடந்த பென்சிலைக் கேட்டு வாங்கினார். ஓரத்தில் ஒரு விரலகலம் இடம் விட்டு, அதற்குப் பக்கத்தில் தன்னுடைய நட்சத்திரத்தைப் போட்டார். புத்தகத்தைப் பதிந்து எடுத்துக்கொண்டு போனார்.

இன்றைக்கும் அதிகம் வெளியே போகும் புத்தகம் அதுதான். யார் எடுத்தாலும், கொடுப்பதற்கு முன் நானே முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து, நட்சத்திரத்துக்குப் பக்கத்து வெறும் இடத்தை விரலால் காட்டுகிறேன். அடையாளத்தை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், இந்த இடத்தில் மட்டும் வேண்டாம், அங்கே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.