நல்ல சுழி உள்ள கழுதை

எங்கள் பசுவை விலை பேசக் காரிமங்கலத்திலிருந்து வந்த மாட்டுத் தரகர், மழைக்கு எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய் நிறைய வெற்றிலை. என் மகள் எங்கள் இருவரையும் விலங்குச் சீட்டு விளையாட இழுத்தாள். அடுத்தவர் கையிலிருந்து சீட்டை உருவ வேண்டும். கழுதை வந்தால் கழுதைபோல் கத்த வேண்டும்.

துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் சந்தைப் பழக்கத்தில் அவர் சீட்டையும் துண்டுக்குள் மறைத்தே பிடித்தார். என் முறை வந்ததும் துண்டை விலக்கி, ஒரு சீட்டைத் திருப்பியே காட்டினார்.

"கழுதைதானுங்க, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பல்லப் பாருங்க, நெத்தி முடிச் சுழியப் பாருங்க. இன்னிக்கி வுட்டா இந்த மாதிரி கெடைக்காதுங்க."

வேறு சீட்டுகள் இருந்தும் அதையே எடுத்தேன். கத்தினேன்.

"கொரலும் சுத்தமா இருக்குதுங்க" என்றார்.

மகள் இன்னும் சிரிக்கிறாள். எனக்கு அது இன்றைக்கும் நல்ல கழுதைதான்.