கப்பைக் கழற்றியது யார்?

மெரியானா பராட்டாவுக்கு அடக்கம் என்பது பிறவியிலேயே கிடையாது. தான் செய்த பொருள் நன்றாக வந்திருந்தால், நன்றாக வந்திருக்கிறது என்று ஊர் கேட்கச் சொல்வாள். பால்பண்ணைகள் நிறைந்த வைக்காட்டோ பக்கம் அப்படித் தன்னைத்தானே மெச்சிக்கொள்பவர்கள் குறைவு. அதனால், இவள் என்றைக்குச் சறுக்குவாள் என்று காத்திருந்தவர்களும் உண்டு. அந்த மார்ச் மாதம் அவர்கள் வாய்க்கு அவல் கிடைத்தது.

டெஸ் ஹிக்கியின் கறவைக் கொட்டகையில் அவள் வடிவமைத்த மின்னணு போர்டை மாட்டியிருந்தார்கள். பால் நின்றதும் மடியிலிருந்து கறவை இயந்திரத்தின் கப்புகளைத் தானே கழற்றிவிடும் போர்டு அது. அவளுடைய ஐந்தாறு வருஷ உழைப்பு. அதுவோ பாதிக் கறவையிலேயே கப்புகளைக் கழற்றிச் சாணியில் போட்டது. எந்த மாட்டுக்கு, எப்போது என்று ஒரு கணக்கும் இல்லை. பட்டறைக்குக் கொண்டுவந்தால் பரம சாது, திரும்ப மாட்டினால் பழைய குணம்.

கோளாறைப் பார்க்க அவள் வந்த முதல் நாள் டெஸ் அவள் வேனில் ஒரு பை ஃபீஜோவா பழம் வைத்தார். அது மரியாதை ஒன்றும் இல்லை. அந்தப் பருவத்தில் அது வீட்டுக்கு வீடு காய்த்துக் குவியும், பூட்டாத வண்டி எதைக் கண்டாலும் ஃபீஜோவாவைத் தள்ளிவிடுவது ஊர் வழக்கம். அதன்பிறகு பழமும் இல்லை, பேச்சும் குறைந்துவிட்டது. இன்று சாயங்காலமும் கப்பு விழுந்தால் அத்தனையையும் பிடுங்கி உன் பட்டறை வாசலில் கொட்டுவேன் என்று சொல்லிவிட்டார். டெஸ் பிடுங்கினால் அந்தச் சாலையில் வேறு எந்தப் பண்ணையும் அதை மாட்டாது. அதோடு அவளுடைய போர்டுக்குச் சமாதிதான்.

மின்னலையைத் திரையில் காட்டும் தன் பழைய ஆசிலோஸ்கோப்பால் அவள் பார்க்காத இடமில்லை. மின்சாரத்தை ஒரு தரம், கட்டளைக் கம்பிகளை ஒரு தரம் என்று தனித்தனியாகப் பார்த்தாள். திருடன் முன்வாசலில் நிற்கும்போது கொல்லைப்புறத்தைத் தேடின கதைதான். இன்று புதிதாக ஒன்று கொண்டுவந்திருந்தாள், மிக்ஸ்டு சிக்னல் ஸ்கோப். ஏறி இறங்கும் மின்னழுத்த அலையையும், பதினாறு கம்பிகளில் ஓடும் ஆம், இல்லை என்ற சிப்புகளின் பேச்சையும் ஒரே திரையில், ஒரே நேரக்கோட்டில் காட்டும். இன்னது நடந்தால் நிறுத்து என்று சொல்லிவைத்தால், அந்தக் கணத்தையும் அதற்குச் சற்று முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பிடித்துவைக்கும்.

பால் வந்துகொண்டிருக்கும்போதே 'கழற்று' என்ற கட்டளை பிறந்தால் நிறுத்து என்று சொல்லிவைத்துவிட்டுக் காத்திருந்தாள். மாடுகள் வரிசையாக வந்து நின்றன. ஒரு கப்பு தொப்பென்று விழுந்தது. டெஸ் அவளைப் பார்த்த பார்வையில் பாலே திரிந்திருக்கும்.

அவள் திரையைத்தான் பார்த்தாள். கீழே கட்டளைக் கோடு எழும்பியிருந்தது. நேர் மேலே, பால் ஓட்டத்தை அளக்கும் உணரியின் அலையில் ஊசிபோல ஒரு முனை. போர்டு உணரியைப் படித்த அதே கணத்தில் அந்த ஊசி குத்தியிருந்தது. திரையை ஓடவிட்டாள். ஏறக்குறைய நொடிக்கு ஒன்றாக ஊசிகள் வந்துகொண்டே இருந்தன. படிக்கும் நேரத்தில் விழுந்தது மட்டும் வம்பு செய்தது.

அப்போதுதான் சுவரிலிருந்த மின்வேலிப் பெட்டியின் சத்தம் அவள் காதில் விழுந்தது. டிக், டிக், டிக், நொடிக்கு ஒன்று. அந்தச் சத்தத்தோடு பிறந்து வளர்ந்த ஊரில் அதை யார் கேட்கிறார்கள்?

"டெஸ், வேலி எர்த்து எங்க கட்டியிருக்கு?"

டெஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மண்ணு காஞ்சு எர்த்து பத்தல, ஷாக்கே அடிக்கல. மாடெல்லாம் வேலிய மதிக்கவே இல்ல. அதான் தண்ணிக் குழாய்ல ஒரு கம்பிய முறுக்கி வச்சேன்."

"எப்ப?"

"உன் பெட்டிய மாட்டுன வாரந்தான். வேலிய மட்டும் குத்தம் சொல்லாத மெரி. என் வேலில எறும்புகூட ஏறாது."

"ஏறாது. அந்தக் குழாய் கொட்டகை இரும்பையெல்லாம் தொட்டுக்கிட்டுப் போவுது, வேலியோட ஷாக்கு அது வழியா என் போர்டுக்குள்ள குத்துது, அதனால உங்க கப்பும் நிக்காது. வேலிய நிறுத்திட்டுக் கம்பிய அவுழுங்க."

அவிழ்த்து, வேலியைத் திரும்பப் போட்டார்கள். ஊசிகள் போன இடம் தெரியவில்லை. அடுத்த வரிசை முழுக்க ஒரு கப்பும் விழவில்லை. மெரியானா அதோடு விடுகிறவளா? திரும்ப முறுக்கச் சொன்னாள். சற்று நேரத்தில் ஒரு கப்பு டெஸ்ஸின் பூட்ஸ் மேலேயே விழுந்தது. அவரே போய்க் கம்பியை அவிழ்த்தார்.

அன்றைக்குக் கடைசி மாடுவரை கறந்து முடித்தார்கள். பால் நின்ற மடியிலிருந்துதான் கப்பு கழன்றது, அதுவும் பூப்போல. மெரியானா கைதட்டித் தன் போர்டைத் தானே பாராட்டிக்கொண்டாள். உணரிக் கம்பிக்கு இப்படிப்பட்ட ஊசிகளைத் தடுக்கும் ஒரு வடிகட்டி அவளும் சேர்த்திருக்க வேண்டியதுதான். அதை மட்டும் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டாள்.

வேனில் ஒரு பை இருந்தது. மறுபடி ஃபீஜோவாவா என்று தூக்கியவளுக்குக் கை சில்லிட்டது. உறைந்த ஒயிட்பெய்ட். வசந்தத்தில் ஆற்றுமுகத்தில் வலை போட்டுக் கிடந்து பிடிக்கும் பொடிமீன். அந்த ஊரில் அதைக் கூடப்பிறந்தவனுக்கும் கொடுக்க மாட்டார்கள்.

"டெஸ், இத மாத்தி வச்சுட்டீங்களா?"

டெஸ் திரும்பாமலே முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "மாத்தியெல்லாம் வைக்கல. கீழ்ப்பண்ணைக்காரன்கிட்டயும் சொல்லிட்டேன், அந்தப் பொண்ணு பெட்டிய மாட்டு, அதுக்கு முன்னாடி உன் எர்த்தப் பாத்துக்கோன்னு."

கேட்டைத் தாண்டும்வரை மெரியானா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.