மூழ்கிய புல்லுக்குச் சாட்சி

மாடு செத்தால் காட்டுவதற்கு மாடாவது இருக்கும். புல் செத்தால் எதைக் காட்டுவது? வெள்ளத்தில் மேய்ச்சலைப் பறிகொடுத்தவர்களிடம் அரசாங்க உதவிக்கான விண்ணப்பப் பாரம் வாங்குகிற கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான், மலேசியாவில் பீடோர் பக்கம். கவுண்டருக்கு உள்ளே திட்டு வாங்கியவர்களுக்கும் வெளியே கால் கடுக்க நின்றவர்களுக்கும் என் பாடு புரியும்.

முன்னே ஒரு படம்

வெள்ளத்துக்கு முன்பு புல் இருந்ததற்குப் படம் வேண்டும் என்கிறது பாரம். நீங்களே சொல்லுங்கள், கல்யாணத்தைப் படம் எடுப்போம், காதுகுத்தைப் படம் எடுப்போம், புல்லை யார் எடுத்து வைக்கிறார்கள்? பதினோரு மாடு வைத்திருக்கும் லெட்சுமி அக்கா தேடித் தேடி ஒரு மாட்டுப் பொங்கல் படத்தைக் கொண்டுவந்தார். கொம்புக்குச் சாயம், கழுத்துக்கு மாலை, நடுவில் பட்டுச் சேலையில் அக்கா. “புல் எங்கேக்கா?” என்றேன். படத்திலிருந்த மாட்டின் வாயில் தொங்கிய இரண்டு இழையின் மேல் விரலை வைத்தார்.

“இது என்னா தம்பி, மீ கோரேங் நூடுல்ஸா?”

நேரில் பார்வை

ஒரு வாரம் கழித்துத்தான் போய்ப் பார்க்க முடிந்தது. தண்ணீர் வடிந்து, புல்லின் மேல் சேறு காய்ந்து சிமெண்டுத் தரை மாதிரிக் கிடந்தது. விலா எலும்பு தெரிய நின்ற மாடுகள், அக்கா வெட்டிப் போட்ட வாழைத்தண்டை மென்றுகொண்டிருந்தன. சினையாக இருந்த செவலையைச் சுற்றிச் சுற்றி வந்தார் தைப்பிங் மாட்டு வியாபாரி ஒருவர். உதவி வந்தால் தீவனம் வாங்கலாம்; வராவிட்டால் செவலை அவர் லோரியில் ஏறும். எனக்கு வெட்கமாக இருந்தது. “கொஞ்சம் லேட்டாயிடுச்சுக்கா” என்றேன்.

“அவரு மூணு தடவ வந்துட்டாரு தம்பி. நீங்க இப்பதான் வாரீங்க.”

உரிமையாளர் கடிதம்

மாடுகள் அங்கேதான் மேய்ந்தன என்று நில உரிமையாளரின் கடிதமும் வேண்டும். அக்காவின் அப்பா பால் வெட்டிய ரப்பர் தோட்டம் அது. இப்போது எண்ணெய்க்கான செம்பனை, வேறு முதலாளி. அங்குள்ள மேனேஜருக்கு மாட்டைக் கண்டாலே ஆகாது. அவரிடம் கடிதம் கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கவுண்டர் மூடப்போகிற நேரத்தில் அக்கா ஒரு பிளாஸ்டிக் பையை என் மேசையில் கவிழ்த்தார். ஒன்பது கடிதங்கள். அத்தனையும் மேனேஜர் அனுப்பிய எச்சரிக்கைகள். இன்ன தேதியில், இன்ன இடத்தில், உங்களுடைய பதினோரு மாடுகள் எங்கள் நிலத்தில் மேய்ந்தன; இனி விடாதீர்கள். கீழே கையெழுத்து, சாப்பு என்கிற முத்திரை எல்லாம் கச்சிதம்.

எங்கள் அதிகாரி ஒன்பதையும் வரி விடாமல் படித்தார். உரிமையாளர் தரப்புக் கடிதம் என்றுதான் விதியில் இருக்கிறது, அன்பாக எழுதியிருக்க வேண்டும் என்று இல்லையே என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். உதவி வந்தது. செவலை அக்காவின் கொட்டகையிலேயே கன்று போட்டது. அந்த வெள்ளிக்கிழமை நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து அக்கா சொன்னது இதுதான்:

“என் மாடு எங்க மேஞ்சுச்சு, எத்தன மேஞ்சுச்சுன்னு என்னைவிட அந்த மனுசனுக்குத்தான் நல்லாத் தெரியும் லா.”

ஆகவே அன்பர்களே, உங்களைப் பாராட்டி வந்த கடிதம் தொலைந்தாலும் போகட்டும், திட்டி வந்ததை மட்டும் பத்திரமாக வையுங்கள்.