அனிஷாவின் ஏழு தாத்தாக்கள்

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், எங்கள் பக்கத்து வீட்டு ஹாவாவை எத்தியோப்பியாக்காரி என்று யாரும் நம்பமாட்டார்கள். "செத்த நேரம் இருங்கக்கா, வெஞ்சனத்தை இறக்கி வச்சுட்டு வாரேன்" என்பாள். அங்கே தோல் ஃபேக்டரிக்கு மெக்கானிக்காகப் போன தப்ரேஸ், கட்டிக்கொண்டு நாகல் நகருக்குக் கூட்டி வந்த பெண். வேற்று நாட்டானைக் கட்டினாள் என்று அவளுடைய அப்பா அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். அந்த வீட்டில் அவள் பெயரையே யாரும் எடுக்கக்கூடாதாம். நல்ல மனுஷன் போங்கள்.

மகள் அனிஷாவுக்கு ஐந்து வயது. தலைவாரும்போதெல்லாம் ஹாவா அவளை ஒப்பிக்க வைப்பாள்: "அப்தி, ரோபா, போரு, ஜிலோ, குயோ, தீதா, கல்மா." ஏதோ ஸ்கூல் பாட்டு என்றுதான் நினைத்தேன். காலங்காத்தாலே இதென்ன ரோதனை என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பாட்டு இல்லக்கா. எங்கப்பா, அவரோட அப்பா, அவருக்கு அப்பா. எங்க பக்கம் சின்னப் பிள்ளைக ஏழு தலைமுறை சொல்லும். முறைப்படி இவ அத்தா வழியத்தான் சொல்லணும். அவருக்குத் தாத்தாவுக்கு மேல தெரியல. எம்பிள்ளை யாருமத்தவ மாதிரி நிக்கக் கூடாதுல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. என் தாத்தாவின் அப்பா பெயர் எனக்கும் தெரியாது.

பக்ரீத் அன்று ஹாவாவின் தம்பி போன் செய்தான். அப்பா வீடியோவில் பார்க்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் பேத்தியை மட்டும். ஹாவா என்னையும் இழுத்துக்கொண்டு, வீடியோவில் தெரியாதபடி சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்தாள். அவர்கள் மொழியில் பேசியதை என் காதில் தமிழில் சொன்னாள்.

அனிஷா ஏழு பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். கிழவர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் என் ஆளுக. உன் ஆளுகளைச் சொல்லு" என்றார்.

"தப்ரேஸ், பக்ருதீன், மீரான்." பிள்ளை நின்றுவிட்டது. வாசலில் தப்ரேஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

அனிஷா விடவில்லை. "எங்க அத்தாட்ட இம்புட்டுத்தான் இருக்கு. உங்ககிட்டதான் நிறைய இருக்கே, எனக்குக் குடுங்க."

லைன் கட்டாகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். பிறகு அவரே தொடங்கினார், பேத்தியை முதலில் வைத்து: "அனிஷா..."

அங்கிருந்து அப்திக்குப் போகவேண்டும். அப்தி அவர்தான். நடுவில் ஒரு பெயர் இல்லாமல் போக முடியாது. கிழவர் திணறினார். எடுத்துக்கொடுக்க அனிஷா வாயைத் திறந்தாள். நான் சட்டென்று பொத்தினேன்.

"ஹாவா" என்றார் கிழவர்.