மீசை கழன்ற படம்

அவள் கனடாவுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியும் நாங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதமே நான் ஊரைவிட்டுப் புறப்பட்டவன். பிறகு ஆறு வருடம் கடிதம்தான். கடிதத்தில் பக்கம் பக்கமாக எழுதியவள், ஸ்காபரோவில் நான் குடியிருந்த, நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்ட்டுக்குள் வந்ததும் கேட்டதற்கு மட்டும் "ஓம்", "இல்லை" என்றாள். சண்டை ஒன்றும் இல்லை. வேலையால் நான் வரும்போது கட்டிலில் இருந்தபடி, மேலே இருந்த சின்ன ஜன்னலால் தெருவில் போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைக் கட்டியதை நினைத்து வருந்துகிறாளோ என்று பயந்தேன். கேட்கத்தான் துணிவு வரவில்லை.

அந்தக் கோடையில் சிரிப்பு மூட்டுகிற பகிடிப் படம் ஒன்று வந்தது. கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த போஸ்டரில் ஆறேழு பெரிய நடிகர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். என்னோடு வேலை செய்த அண்ணை ஒருவர் அதை முதல் நாளே பார்த்துவிட்டார்.

"அண்ணை, படம் எப்பிடி? பாக்கலாமோ?"

"பேசாமல் வீட்டை படுத்து நித்திரை கொள்ளும். கதையே இல்லை. மாறி மாறி விழுந்து எழும்புறாங்கள், அவ்வளவுதான்."

"மனிசியைக் கூட்டிக்கொண்டு போவமெண்டு யோசிச்சன்."

"முதல் முதல் கூட்டிக்கொண்டு போறதுக்கு உதுதானோ உமக்குக் கிடைச்சுது?"

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், தியேட்டருக்குள் மூன்று மணித்தியாலம் பேசாமல் இருக்கலாம் என்பதுதான் காரணம்.

அண்ணை சொன்னது சரி. ஒரு கல்யாண வீட்டுக்கு நாலு பேர் வந்து, ஒவ்வொருவரும் தான்தான் மாப்பிள்ளை என்கிறார்கள். ஒருவன் கிணற்றுக்குள் விழுகிறான், இன்னொருவன் அண்டாவுக்குள். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, டொக்டரைப் பார்க்க வந்தவள் போல இருந்தாள். இவளை ஏன் இங்கே கொண்டுவந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு, பெண்ணின் தகப்பன் கையெடுத்துக் கும்பிட்டு அழுகிற கட்டம் வந்தது. படத்திலேயே சோகமான இடம் அது. தியேட்டர் அமைதியாகிவிட்டது. திடீரென்று பக்கத்தில் அவளுடைய தோள் குலுங்கியது. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். தன் தகப்பனை நினைத்து அழுகிறாள் என்று பயந்து, அவள் பக்கம் சாய்ந்தேன்.

"என்னப்பா, என்ன செய்யுது உமக்கு? வெளியிலை போவமோ?"

அவள் தலையை நிமிர்த்தாமலே திரையை நோக்கி விரலை நீட்டினாள்.

"மீசை... மீசையைப் பாருங்கோ!"

பார்த்தேன். அழுது அழுது அந்த நடிகரின் ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்று உதட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்தவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. அவரோ உயிரைக் கொடுத்து அழுகிறார்.

எனக்கும் அடக்க முடியவில்லை. முன் வரிசையில் இருந்த அன்ரி ஒருவர் திரும்பி, "பாவம் அந்த மனிசன் அழுகுது, உங்களுக்குச் சிரிப்போ?" என்று அதட்டினார். அவ்வளவுதான். கண்ணீர் வழிய, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வெளியே நல்ல வெயில். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் தானாகவே பேச்சைத் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியளோ?"

பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, "சொல்லும்," என்றேன்.

"நீங்கள் வைக்கிற பருப்பை வாயிலை வைக்கேலாமல் கிடக்கு. ஆறு வருசம் தனியச் சமைச்ச மனிசனெண்டு இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தனான்."

"வேறை?"

"வேறையோ? அந்த ஜன்னலுக்கு ஒரு திரை போடவேணும். தெருவிலை போற சனமெல்லாம் குனிஞ்சு பாக்குது."

பஸ் வந்தது. ஏறி இருந்தும் அவள் நிறுத்தவில்லை. திரைக்கு என்ன நிறம், சட்டிகளை எங்கே அடுக்குவது, இங்கிலீஷ் வகுப்புக்கு எந்த வழியால் போவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேன். இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டோம். திரும்பி நடந்துதான் வந்தோம். வழி முழுக்க அவள்தான் பேசினாள்.